அம்ப்ரெல்லா பாவாடை: இடுப்பு ஏன் பெரிதாகிவிட்டது?

கேள்வி: ஐந்து வயது மகளுக்கு அம்ப்ரெல்லா கட் பாவாடை, அதாவது முழு வட்டமாக வெட்டும் பாவாடை தைக்க 44 அங்குலப் பன்னாவில் (துணி அகலத்தில்) காட்டன் துணி வாங்கினேன். இடுப்பு 20 அங்குலம், உயரம் 15. துணியை நான்காக மடித்து, 20-ஐ நான்கால் வகுத்து, மூலையிலிருந்து 5 அங்குலம் குறித்து வளைவாக வெட்டினேன். பிரித்தால் இடுப்பு 31 அங்குலத்துக்கு மேல் இருக்கிறது! துணியைக் காப்பாற்ற வழி உண்டா? இன்னொன்று, முன்பு அக்கா மகளுக்குத் தைத்த பாவாடை நான்கு இடத்தில் மட்டும் கீழே தொங்குகிறது. அது ஏன்?

பதில்: வகுத்தது சரி, குறித்த இடம்தான் தப்பு. நான்காக மடித்த துணியில் 5 அங்குலம் வர வேண்டியது வளைவின் நீளம். நீங்கள் அதை மூலையிலிருந்து வளைவுக்குப் போகும் நேர்கோட்டில் வைத்துவிட்டீர்கள். அந்த நேர்கோடு ஆரம். சுற்றளவு அதைப்போல 6.28 மடங்கு. ஐந்தை 6.28-ஆல் பெருக்குங்கள், 31.4. நீங்கள் டேப்பில் பார்த்தது அதைத்தான். என்னிடம் தையல் படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் பாவாடையில் இப்படித்தான் வெட்டுவார்கள்.

20-ஐ 6.28-ஆல் வகுத்தால் ஆரம் ஏறக்குறைய 3.2 அங்குலம். அங்கேயும் வெட்டிவிடக் கூடாது. இடுப்புப் பட்டி தைக்க, வெட்டிய ஓரத்திலிருந்து அரை அங்குலம் துணிக்குள் போகும். வளைவில் அப்படித் துணிக்குள் போகப் போக வட்டம் பெரிதாகும். எனவே வெட்டும் கோடு 2.7 அங்குலத்தில் வரும். கால்குலேட்டரெல்லாம் வேண்டாம் என்றால் இடுப்பை ஆறால் வகுத்து அரை அங்குலம் கழியுங்கள். இதில் இடுப்பு ஓர் அங்குலம் கூடுதலாக வரும். சாப்பிட்ட வயிற்றுக்கு அது சரியாகவே இருக்கும். கத்தரியை மட்டும் யோசித்து வையுங்கள். ஆரத்தில் கால் அங்குலம் தாண்டினால் சுற்றளவில் ஒன்றரை அங்குலம் கூடிவிடும். சின்னதாக வெட்டினால் பிறகு பெரிதாக்கலாம், பெரிதாக வெட்டியதைச் சின்னதாக்க முடியாது.

உங்களுக்கு அது ஏற்கெனவே நடந்துவிட்டது, சரி. அரை அங்குலத் தையல் போட்டால் இடுப்பு 34-ஐத் தாண்டும். அத்தனையையும் எலாஸ்டிக்கில் இழுத்தால் வயிற்றில் துணி மூட்டையாக நிற்கும், அம்ப்ரெல்லா கட்டின் அழகே போய்விடும். நானாக இருந்தால் வட்டத்தில் கால் பாகத்தைக் கேக் துண்டு மாதிரி வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைப்பேன். இடுப்பு 25 அங்குலத்துக்கு வந்துவிடும். மிச்ச 5 அங்குலத்துக்கு எலாஸ்டிக் போதும், ஜிப்பும் தேவைப்படாது. வெட்டிய துண்டு ஒரு சுருக்குப் பைக்கு ஆகும்.

விரிவு குறைந்துவிடுமே என்றால், ஆம், கொஞ்சம் குறையும். ஆனால் இங்கே ஒரு வேடிக்கை உண்டு. முழு வட்டப் பாவாடையில் இடுப்பைவிடக் கீழ்ச்சுற்று எத்தனை அங்குலம் கூடுதல் என்பதை இடுப்பு முடிவு செய்வதில்லை, உயரம்தான் முடிவு செய்கிறது. 15 அங்குல உயரத்துக்கு அது 94 அங்குலம். மகளுக்கும் அதே 94, அதே உயரத்தில் உங்களுக்குத் தைத்தாலும் அதே 94. லேஸ் வாங்கப் போகும்போது இது உதவும்: கால் பாகம் எடுக்காத முழு வட்டம் என்றால் இடுப்பு 20, அதோடு 94, மொத்தம் 114 அங்குலம். மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு.

இனி அக்கா மகளின் பாவாடை. துணியில் பாவு நூல் ஒரு பக்கம், ஊடை நூல் அதற்குக் குறுக்கே ஓடுகிறது. இந்த இரண்டு திசையிலும் இழுத்தால் துணி அவ்வளவாகக் கொடுக்காது. மூலைவாட்டில், அதாவது நாம் கிராஸ் என்று சொல்லும் 45 டிகிரியில் இழுத்துப் பாருங்கள்: நூல்களுக்கு நடுவே இருக்கும் குட்டிச் சதுரங்கள் டைமண்டாகச் சரிந்து துணி நீளும். முழு வட்டத்தில் கிராஸ் நான்கு இடத்தில் வருகிறது, தொங்குவதும் அந்த நான்கு இடம்தான். இது எப்போதும் குறையே என்றும் சொல்ல முடியாது. 1920-களில் பாரிஸில் மாட்லேன் வியொனே என்ற பெண்மணி இந்த நீளலையே நம்பி, உடம்போடு ஒட்டி வழியும் கவுன்களைத் தைத்துப் பேர் வாங்கினார்.

நமக்கு வேண்டியது மட்டமான ஓரம். துணியை முதலில் நனைத்துக் காய வையுங்கள். வெட்டி இடுப்புப் பட்டி வைத்ததும் கீழ் ஓரத்தை மடிக்காமல், கிளிப் மாட்டி இரண்டு நாள் தொங்கவிடுங்கள். நீள வேண்டியது நீண்டுவிடும். பிறகு குழந்தைக்குப் போட்டு நிற்க வைத்து, இடுப்பிலிருந்து கீழே அளக்காமல், தரையிலிருந்து மேலே ஸ்கேல் வைத்துச் சுற்றிலும் சாக்பீஸால் குறியுங்கள். அக்கா மகளின் பாவாடையிலும் ஓரத் தையலைப் பிரித்து இதே மாதிரி மட்டம் செய்யலாம். உயரம் கொஞ்சம் குறையும். மடிப்பைக் கால் அங்குலத்துக்கு மேல் வைக்காதீர்கள். அகலமாக மடித்தால் வெளிச்சுற்று உள்சுற்றைவிடப் பெரிதாகி, தையல் முழுக்கச் சுருக்கம் விழும்.