நிலத்தடிச் சொட்டுநீர்: டியூப்பைப் பிடுங்குமுன் நாலு டிரிப்பரைக் கீறிப் பாருங்கள்

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு ஏக்கரில் நிலத்தடிச் சொட்டுநீர் போட்டுக் கரும்பு வைத்திருக்கிறேன். ஐந்தடிப் பாருக்கு ஒரு லேட்டரல் (வரிசையோடு ஓடும் சொட்டு டியூப்), 40 செ.மீ.க்கு மணிக்கு 2 லிட்டர் விடும் ஒரு டிரிப்பர் (சொட்டும் வாய்), முக்கால் அடி ஆழம். போர் தண்ணீர் உப்பு. முதல் கரும்பு நன்றாக வந்தது. மறுதாம்பு (வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்த பயிர்) திட்டுத் திட்டாகக் காய்கிறது. டியூப்பைப் பிடுங்கி மேலேயே போட்டுவிடலாமா?

பதில்: அவசரப்பட்டுப் பிடுங்கிவிடாதீர்கள். எது அடைத்திருக்கிறது என்று தெரிந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

மேலே கிடக்கும் டியூப்பில் சொட்டு கண்ணுக்குத் தெரியும். புதைத்ததற்குத் தண்ணீர் மீட்டரும் பிரஷர் கேஜும்தான் கண். உங்கள் அளவுப்படி ஏக்கருக்குச் சுமார் 6,670 டிரிப்பர். மணிக்கு 13,300 லிட்டர் ஓட வேண்டும். சப்மெயின் (லேட்டரல்களுக்குத் தண்ணீரைப் பிரிக்கும் குழாய்) தலைப்பில் 1 கிலோ அழுத்தம் இருந்தும் மீட்டர் 10,000 லிட்டர்தான் காட்டினால் டிரிப்பர்கள் அடைத்திருக்கின்றன. அழுத்தம் இறங்கி ஓட்டம் கூடியிருந்தால் எங்கோ எலி கடித்திருக்கும். அந்த இடம் மட்டும் மேலே நசநசவென்று ஈரமாக இருக்கும். இரண்டுமே குறைந்திருந்தால் முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள்.

அடைப்பு என்றால், காயும் திட்டில் நாலு இடத்தில் தோண்டி, டிரிப்பரோடு ஒரு சாண் டியூப்பை வெட்டி எடுத்து நீளவாக்கில் கீறுங்கள். வெட்டிய இடத்தை ஜாயினர் போட்டு மூடிவிடலாம். உள்ளே வெள்ளைப் பொருக்கு இருந்து, ஒரு சொட்டு ஆசிட் விட்டதும் நுரைத்தால் அது சுண்ணாம்பு. வழவழப்பான படலம் என்றால் பாசியும் நுண்ணுயிரும். சேறு இருந்தால் வயல் மண் உள்ளே போயிருக்கிறது. தலைமயிர் போல வெள்ளை இழை இருந்தால் கரும்பு வேர்.

சுண்ணாம்புக்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட். ஒரு பிளாஸ்டிக் வாளியில் 20 லிட்டர் போர் தண்ணீர் எடுத்து, சில மில்லியாக ஆசிட் விட்டுக் கலக்கி, பி.ஹெச். (அமிலத்தன்மை) தாளில் 4 வரும்வரை அளந்துகொள்ளுங்கள். வாளிக்கு 12 மில்லி பிடித்தால் லிட்டருக்கு 0.6 மில்லி. கால் மணி நேர ஓட்டமான 3,300 லிட்டருக்கு 2 லிட்டர் ஆசிட். ஆசிட்டை உறிஞ்சிக் குழாயில் கலக்கும் வென்சுரி, இரும்பு ஃபில்டரைத் தாண்டி இருக்க வேண்டும். கடைசி லேட்டரலின் முனையிலும் தாள் 4 காட்டிய பிறகே மோட்டாரை நிறுத்துங்கள். 24 மணி நேரம் விட்டு முனைகளைத் திறந்து கழுவுங்கள். நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல.

பாசிக்கு பிளீச்சிங் பவுடர். அதே 3,300 லிட்டருக்கு 200 கிராம். முதல் நாளே கரைத்துத் தெளியவிட்டு மேல் தெளிவை மட்டும் விடுங்கள், அடிக் கசடும் சுண்ணாம்புதான். ஆசிட்டும் பிளீச்சிங்கும் ஒரே நாளில் வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து.

மறுதாம்பு என்பதால் எனக்கு வேர் மீதுதான் சந்தேகம். வெட்டுக்கு முன் இரண்டு மூன்று வாரம் தண்ணீரை நிறுத்தும் பழக்கம் நம்மிடம் உண்டு. மண் காய்ந்து, டிரிப்பர் வாயில் மட்டும் ஈரம் நிற்கும்போது வேர் அங்கேதான் நுழையும். முழுக்க அடைத்த டிரிப்பருக்குள் எந்த மருந்தும் போகாது. அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும். பாதி அடைத்ததற்கு பாஸ்பாரிக் அமிலம் கொடுக்கலாம். ஆனால் உங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால் அதைக் கொஞ்சமாகக் கலப்பது கெடுதல், கால்சியம் பாஸ்பேட்டாக அதுவே படிந்துவிடும். பி.ஹெச். 4-க்குக் கீழே இறங்கும் அளவுக்கு விட்டால்தான் பயன். இனி வெட்டுக்கு முன்னும் வாரம் ஒரு முறை சிறிது நேரமாவது ஓட்டுங்கள். மற்ற நாட்களில் நாலு நாளுக்கு ஒரு முறை நெடுநேரம் விடுவதைவிடத் தினமும் சிறிது சிறிதாக விடுவதே நல்லது.

சேறு வந்திருந்தால் ஏர் வால்வைப் பாருங்கள். மோட்டார் நின்றதும் தண்ணீர் சரிவான பக்கம் இறங்கும், மேட்டுப் பக்க டியூப்பில் வெற்றிடம் உண்டாகி டிரிப்பர் வழியாகச் சேற்றை உறிஞ்சும். தண்ணீர் திறக்கும் வால்வுக்கு அடுத்து சப்மெயினில் ஒன்றும் வயலின் மேடான இடத்தில் ஒன்றுமாக ஏர் வால்வு வைத்தால் காற்று அதன் வழியே வந்துவிடும்.

லேட்டரல் முனைகளை மடக்கிப் புதைத்திருந்தால், தோண்டி எல்லாவற்றையும் ஒரு கழுவு குழாயில் இணைத்து ஃபிளஷ் வால்வு போடுங்கள். அதற்கு முன் ஒரு முனையைத் திறந்து ஒரு லிட்டர் சொம்பைப் பிடியுங்கள். 20 விநாடிக்குள் நிரம்பினால்தான் மண்ணை அடித்துக்கொண்டு வரும் வேகம் இருக்கிறது. நிரம்பவில்லை என்றால் வயலைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கழுவுங்கள். உங்கள் உப்புத் தண்ணீருக்கு 15 நாளுக்கு ஒரு கழுவல் வேண்டும். அடுத்த வெட்டுக்குப் பின் கட்டை சீவிப் பார் உடைக்கும்போது, லேட்டரல் போகும் வரிசைக்கு இரு முனையிலும் குச்சி நட்டுவிட்டு டிராக்டரை இறக்குங்கள்.