மக்புக்குக்காக நகையை அடகு வைக்க வேண்டாம்

அம்மா, போனில் ஓடும் அப் (செயலி) செய்யப் படிக்க அப்பிளின் மக்புக் லப்டொப்தான் வேண்டும் என்று உங்கள் மகன் சொல்கிறார், அதற்குக் காப்பை அடகு வைக்கவா என்று கேட்டீர்கள். நேற்று வரிசையில் ஆட்கள் நின்றதால் உங்களுக்குப் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை எழுதுகிறேன்.

ஐபோனுக்கு அப் செய்கிற எக்ஸ்கோட் என்ற மென்பொருள் அப்பிளின் மக் கணினியில் மட்டும்தான் ஓடும். அந்தளவில் தம்பி சொன்னது சரி. ஆனால் படிக்கத் தொடங்குகிற பிள்ளைக்கு அது இப்போது தேவையில்லை. அன்ட்ரொயிட் போனுக்கு அப் செய்கிற அன்ட்ரொயிட் ஸ்டூடியோ இலவசம், விண்டோஸிலேயே ஓடும். 2019இல் கூகிள் அன்ட்ரொயிட்டுக்கு முதல் தெரிவாக அறிவித்த கொட்லின் என்ற நிரல் மொழியை அதில் படிக்கட்டும். கூகிளின் ஃபிளட்டர் என்ற கருவியில் ஒரு தடவை எழுதினால் இரண்டு வகைப் போனுக்கும் பயன்படும் என்பதும் உண்மைதான். அது இரண்டாவதாக வரட்டும்.

வீட்டில் உள்ள 8 ஜீபி ரேம் லப்டொப் திணறுகிறது என்றார் தம்பி. திணற வைப்பது எமுலேட்டர், அதாவது கணினிக்குள்ளேயே ஓடும் பொய்ப் போன். அதை மூடிவிட்டு அவருடைய சொந்தப் போனைக் கேபிளால் இணைக்கச் சொல்லுங்கள். செட்டிங்ஸில் பில்ட் நம்பரை 7 தடவை தட்டினால் டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டிபக்கிங்கைப் போட்டுவிட்டால், எழுதிய அப் நேரே கையிலிருக்கும் போனில் வந்து நிற்கும். தான் செய்த பொத்தானைத் தன் விரலாலேயே அழுத்திப் பார்க்கிற பிள்ளையின் முகத்தை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

முதலில் என்ன அப் செய்வது என்று தம்பி கேட்டார். அப்பாவின் மீன் கணக்கைச் செய்யட்டும். எந்த மீன், எத்தனை கிலோ, என்ன விலை, எண்ணெய்ச் செலவு எவ்வளவு: நான்கே கட்டம். கடலில் சிக்னல் இல்லாத இடத்திலும் கணக்கு அழியக்கூடாது. ஆகவே ரூம் என்ற கருவியால் தரவைப் போனுக்குள்ளேயே சேமிக்கப் பழக வேண்டிவரும். ஈரக்கையால் தட்டுகிறவருக்கு எழுத்தும் பொத்தானும் பெரிதாக வேண்டும். அப்பா ஒரு கிழமை பாவித்துப் பிழை சொன்னால், அதைவிட நல்ல வகுப்பு கிடையாது.

வெளியிடக் கூகிள் பிளேயில் ஒரே தடவை 25 டொலர். அப்பிளில் வருடத்துக்கு 99. கூகிள் பிளேயில் புதிய தனிநபர் கணக்கென்றால், வெளியிடுமுன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதிக்கவும் வேண்டும். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

உயர்தரப் பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்கள் இதற்குப் போதும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் கிடைத்தாலும் இந்தப் பழக்கம் வீண்போகாது.

காப்பு பெட்டியிலேயே இருக்கட்டும், அம்மா. அடுத்த கிழமை லப்டொப்பையும் கேபிளையும் கொண்டு தம்பியை அனுப்புங்கள். முதல் கட்டத்தை இருவருமாகப் போட்டுப் பார்க்கிறோம்.