கவர் 3 நடுவுல கிழியுதுன்னு மேன் கவரேஜுக்கு ஓடாதீங்க

கேள்வி: பையன் படிக்கிற ஹைஸ்கூல்ல, நார்த் கரோலைனால, ஜூனியர் வார்சிட்டி அமெரிக்கன் ஃபுட்பால் டீமுக்கு வாலண்டியர் கோச்சா டிஃபென்ஸ் பின்வரிசையப் பாத்துக்கறேன். நாங்க எப்பவும் கவர் 3 தான். போன ரெண்டு மேட்ச்லயும் பந்து பிடிக்கற நாலு ரிசீவரையும் நேரா ஓட விட்டு நடுவுல தூக்கிப் போட்டு அடிச்சுட்டாங்க. ஹெட் கோச் மேன் கவரேஜுக்கு, அதாவது ஆளுக்கு ஒரு ரிசீவர ஒட்டி ஓடற முறைக்கு, மாறிடலாம்ங்கறார், ஆனா ஓரத்துல நிக்கற எங்க கார்னர் பசங்களுக்கு அவ்வளவு ஸ்பீட் இல்ல. என்ன பண்ணலாம்?

பதில்: ஹெட் கோச்சோட ஒரு தடவ உக்காந்து பேசுங்க, ஏன்னா ஸ்பீட் இல்லாத கார்னரை வச்சுட்டு மேன் ஆடினா இப்ப நடுவுல வாங்கற அடிய நாளைக்கு சைட்லைன் ஓரமா வாங்குவீங்க, அவ்வளவுதான் வித்தியாசம். பிரச்சனை கவர் 3-ல இல்ல, அதுல உங்க பசங்க ஆளப் பாக்காம இடத்தப் பாத்து ஓடறாங்க, அங்க தான் இருக்கு.

கணக்கு சிம்பிள். கவர் 3-ன்னா பின்னாடி மூணு பேர், ரெண்டு கார்னர், நடுவுல ஃப்ரீ சேஃப்டி, கிரிக்கெட்ல பவுண்டரில மூணு ஃபீல்டர நிறுத்தி ஆளுக்கு ஒரு பங்கு குடுக்கற மாதிரி. நாலு பேரு நேரா ஓடி வந்தா மூணு பேரால எப்படி மூட முடியும்? வெளியில ஓடற ரெண்டு ரிசீவர் கார்னரப் பிடிச்சு வச்சுக்கறான், உள்ள ஓடற ரெண்டு பேருக்கும் உங்க சேஃப்டி ஒத்த ஆள். பந்து எறியற குவாட்டர்பேக் ஒரு பக்கம் பாக்கற மாதிரி பாத்துட்டு இன்னொரு பக்கம் போட்டா முடிஞ்சுது. கார்னருக்கும் சேஃப்டிக்கும் நடுவுல இருக்கற அந்த சந்தத்தான் சீம்ங்கறாங்க.

இதுல டிவி பாத்து ஏமாறக்கூடாத ஒரு விஷயம் இருக்கு. என்எஃப்எல்ங்கற ப்ரொஃபஷனல் லீக்ல சியாட்டில் சீஹாக்ஸ் கவர் 3-ய வச்சுத்தான் 2014 பிப்ரவரில சூப்பர் பவுல்ல டென்வர 43-8ன்னு அடிச்சாங்க, அந்த சீசன்ல 606 பாயிண்ட் போட்டு ரெகார்ட் வச்ச டீம் டென்வர். ஆனா சியாட்டிலுக்கு நடுவுல ஃப்ரீ சேஃப்டியா எர்ல் தாமஸ் இருந்தார், இந்த ஹாஷ்ல இருந்து (கிரவுண்ட் நடுவுல நீளவாக்குல ரெண்டு வரிசையா இருக்கற குட்டிக் கோடுங்க தான் ஹாஷ்) அந்த ஹாஷ தாண்டி ஓடற ஆளு. அதோட என்எஃப்எல்ல ரெண்டு ஹாஷ் கோட்டுக்கும் நடுவுல 18 அடி 6 இன்ச் தான், ஹைஸ்கூல் கிரவுண்ட்ல 53 அடி 4 இன்ச், அதாவது கிட்டத்தட்ட 18 யார்டு. உங்க லெவல்ல உள்ள ஓடற ரிசீவர பெரும்பாலும் ஹாஷ் மேல தான் ஓடச் சொல்லுவாங்க, அப்ப உங்க சேஃப்டி நடுவுல நின்னா ரெண்டு பக்கமும் 9 யார்டு ஓடணும், பத்தாவது படிக்கற பையன் பந்து காத்துல இருக்கும்போதே அதச் செய்வான்னு எதிர்பாக்கறது நியாயமே இல்ல.

சரி, தீர்வு. நிக் சேபன் 1991-ல இருந்து 94 வரைக்கும் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ்ல ஹெட் கோச் பில் பெலிசெக்குக்குக் கீழ டிஃபென்சிவ் கோஆர்டினேட்டரா இருந்தப்ப பிட்ஸ்பர்க் டீம் இதே நாலு வெர்ட்டிகல, அதாவது நாலு பேரும் நேரா ஓடற பிளேய, வச்சு அவங்களப் போட்டுப் படுத்திச்சு, அதுக்கு மருந்தா வந்தது தான் ரிப்/லிஸ்ங்கற மேட்ச் முறை, இடத்தக் காக்காம ரிசீவர் ஓடறதுக்கு ஏத்த மாதிரி ஆளப் பிடிக்கறது. பாக்கறதுக்கு கவர் 3 மாதிரியே நிப்பாங்க, ஆனா பந்து ஸ்னாப் ஆகி பிளே ஆரம்பிச்சதும் அந்த மூணு பேருக்கு முன்னாடி வெளில இருக்கற அண்டர்னீத் ஆளுங்க, அதாவது ஸ்ட்ராங் சேஃப்டியும் அந்தப் பக்கம் அவுட்சைட் லைன்பேக்கரும், காலி இடத்துக்குப் போய் நிக்காம சைட்லைன்ல இருந்து ரெண்டாவதா நிக்கற ரிசீவரப் பாப்பாங்க. அவன் நேரா மேல வந்தா கூடவே ஓடணும், உள்பக்கமாவோ வெளிப்பக்கமாவோ சீக்கிரம் திரும்பிட்டா விட்டுட்டு ஃப்ளாட்டுக்கு, அதாவது முன்னாடி சைட்லைன் பக்கமா இருக்கற இடத்துக்கு, போகணும். முழு ரிப்/லிஸ்ல இன்னும் நிறைய இருக்கு, உங்க பசங்களுக்கு இந்த ஒரே ஒரு ரூல் போதும். இப்ப நாலு பேர் ஓடினா கூட அஞ்சு பேர் இருக்காங்க, சேஃப்டி நடுவுல நிம்மதியா நிக்கலாம்.

இதுக்கு ஒரு விலை உண்டு, அத ஹெட் கோச்சுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. ஃப்ளாட் காலியாகும், குவாட்டர்பேக் பக்கத்துல நிக்கற ரன்னிங் பேக் அங்க போய் நின்னு பந்த வாங்கி 5 யார்டு எடுப்பான், எடுக்கட்டும். உள்ள இருக்கற லைன்பேக்கர் ஓடி வந்து டேக்கிள் பண்ணட்டும். அந்த 5 யார்டப் பாத்து சைட்லைன்ல கத்தி பசங்கள முன்னாடி இழுத்தீங்கன்னா அடுத்த பிளேல டச்டவுன், நிறைய கோச்சுங்க இங்க தான் சொதப்பறாங்க. ஒரே எக்செப்ஷன், அந்த ரன்னிங் பேக் ஃப்ளாட்டோட நிக்காம வளைஞ்சு மேல ஓடினா அது வீல் ரூட், அந்தப் பக்க லைன்பேக்கர் "வீல், வீல்"னு கத்திட்டே கூட ஓடணும்.

இன்னொண்ணு, கை வைக்கறது. உள்ள ஓடற ரிசீவர் ஒரு இடியும் படாம நேரா வந்தான்னா எந்த ரூலும் காப்பாத்தாது. என்எஃப்எல்ல 1978-ல இருந்து 5 யார்டு தாண்டினா தொடக்கூடாது, ஆனா உங்க பசங்களுக்கு அந்த 5 யார்டு கணக்கு கிடையாது, ரிசீவர் இன்னும் முன்னாடி இருந்து பிளாக் பண்ண வரலாம்ங்கற நிலைல இருக்கற வரைக்கும் தள்ளலாம், பக்கத்துல சமமா வந்துட்டாலோ தாண்டிட்டாலோ கைய எடுத்துடணும். பந்து காத்துல இருக்கும்போது இடிச்சா பாஸ் இன்டர்ஃபியரன்ஸ், 15 யார்டு போயிடும். மேட்சுக்கு முன்னாடி ரெஃப்ரீகிட்ட எவ்வளவு விடுவீங்கன்னு மரியாதையா ஒரு வார்த்தை கேட்டு வச்சுக்கறது தப்பில்ல.

ஃப்ரீ சேஃப்டிக்கு 12 யார்டு ஆழம், முதல் ரெண்டு ஸ்டெப் பின்னாடி தான், குவாட்டர்பேக்கோட கண்ணப் பாத்து ஓடாம முன் கை பந்துல இருந்து விலகற வரைக்கும் நடுவுலயே இருக்கணும். கார்னர் 7 யார்டு தள்ளி நின்னா போதும், ஸ்பீட் இல்லாத பையனுக்கு அந்த கேப் தான் சொத்து. முன்னாடி குட்டி கேட்ச் விட்டாலும் பரவால்ல, தலைக்கு மேல போகக்கூடாது.

ட்ரிப்ஸ் வந்தா, அதாவது ஒரே பக்கம் மூணு பேர் நின்னா, இந்த ரூல் மட்டும் பத்தாது. தனியா நிக்கற ரிசீவர அந்தப் பக்க கார்னர்கிட்ட ஒண்டிக்கு ஒண்டி விட்டுட்டு, ஃப்ரீ சேஃப்டி மூணு பேர் இருக்கற பக்க ஹாஷுக்கு சாய்ஞ்சு மூணாவது ஆள் மேல வந்தா எடுக்கணும். அந்த ஒண்டி கார்னர் தான் பயமா இருக்கும், அதனால உங்க ரெண்டு கார்னர்ல யார் பெட்டரோ அவன அங்க போடுங்க, பக்கம் மாறினா பரவால்ல.

பிராக்டிஸ்ல முழு டீம வச்சு ஓட்டாதீங்க, பாதி கிரவுண்ட்ல ரெண்டு ரிசீவர், ஒரு கார்னர், ஒரு ஸ்ட்ராங் சேஃப்டி, முதல்ல பந்தே இல்லாம, ரெண்டாவது ஆள் போறானா திரும்பறானான்னு வாய் விட்டு சொல்லச் சொல்லி 15 நிமிஷம் தினமும். செவன்-ஆன்-செவன், அதாவது லைன் ஆளுங்க இல்லாம ஏழுக்கு ஏழு ஆடற ஆட்டத்தோட ஸ்கோரப் பாத்து பயப்படவும் வேண்டாம், அங்க பாஸ் ரஷ் இல்லாததால குவாட்டர்பேக் ஹாயா நிப்பான், மேட்ச்ல உங்க முன்வரிசை நாலு பேர் 3 செகண்டுக்குள்ள அவன தொந்தரவு பண்ணலன்னா அத எந்த கவரேஜாலயும் சரி பண்ண முடியாது, அது லைன் கோச்கிட்ட பேச வேண்டிய பேச்சு.

ஹெட் கோச்சுக்கு மேன் ஆசை போகலன்னா ஒரு இடம் குடுங்க, உங்க கோல் லைனுக்கு 10 யார்டுக்குள்ள அவங்க வந்துட்டா. அங்க ஓடி விட இடமே கிடையாது, எண்ட் சோனோட பின் கோடே உங்களுக்கு ஒரு டிஃபெண்டர், அதனால ஸ்பீட் குறைஞ்ச கார்னரும் தாக்குப் பிடிப்பான். நடுவுல சேஃப்டி உதவி இருந்தா கார்னர் வெளிப்பக்கம் நிக்கணும், இல்லன்னா உள்பக்கம்.