அமெரிக்கக் கச்சேரிப் பயணம்: கையில் எவ்வளவு மிஞ்சும்?

கேள்வி: மிருதங்கம் வாசிக்கிறேன், வயது 32, மேற்கு மாம்பலத்தில் வாடகை வீடு. வகுப்பும் உள்ளூர்க் கச்சேரியுமாக மாதம் 48,000 ரூபாய் வரும். வருகிற ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஒரு பாடகருடன் அமெரிக்கா போகிறேன். 16 கச்சேரி, ஒன்றுக்கு 400 டாலர். விசா, டிக்கெட், தங்குமிடம் அவர்கள் பொறுப்பு. "வரி பிடித்துக்கொண்டுதான் தருவோம்" என்கிறார்கள். மொத்தம் 6,400 டாலர், ஐந்தரை லட்சம் இருக்குமே என்று கார் புக் செய்ய நினைக்கிறேன். புது மிருதங்கம், பயணச் செலவு, நான் இல்லாத இரண்டு மாத வீட்டுச் செலவு எல்லாவற்றுக்கும் மனைவியின் நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சம் வாங்கலாமா?

பதில்: முதலில் வாழ்த்துகள். கிளீவ்லாந்தில் 1978 முதல் நடக்கும் தியாகராஜ ஆராதனையை ஒட்டி ஊர் ஊராக வாசித்துவிட்டு வரும் இந்த வசந்தகாலப் பயணம், ஒரு பக்கவாத்தியக்காரரின் வாழ்க்கையில் பெரிய படி. போய்விட்டு வாருங்கள். ஆனால் காரை இப்போது புக் செய்ய வேண்டாம்.

ஒரு டாலர் 85 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 6,400 டாலர் என்பது 5,44,000 ரூபாய். வெளிநாட்டுக் கலைஞருக்குத் தரும் சம்பளத்தில், செலவு எதையும் கழிக்காமல், மொத்தத்தில் 30 சதவீதத்தை அமெரிக்காவில் பிடித்துவிடுவார்கள். உங்களுக்கு அது 1,920 டாலர். மிச்சம் 4,480 டாலர், அதாவது 3,80,800 ரூபாய். சிம் கார்டு, வெளியில் சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, தங்கவைத்தவர்கள் வீட்டுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போவது என்று எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் 600 டாலர் கரையும். அப்புறம் இங்கே விட்டுவிட்டுப் போகும் வருமானம். பாதி மாணவர்கள் ஆன்லைனில் தொடர்ந்தாலும் இரண்டு மாதத்தில் 70,000 ரூபாய் போகும் என்றே வையுங்கள். இதெல்லாம் போக நிற்பது 2.6 லட்சம்தான். ஐந்தரை லட்சத்தை நம்பி கார் தவணையில் கையெழுத்துப் போட்டால் ஜூலையிலேயே மூச்சு முட்டும்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் நம் கலைஞர்களில் பலர் விட்டுவிடும் பணம் இங்கேதான் இருக்கிறது. பிடித்த அந்த 1,920 டாலர் முழுவதும் உங்கள் வரி அல்ல, முன்பணம். நம் ஊர் டிடிஎஸ் மாதிரி. அடுத்த வருடம் அமெரிக்க வரித்துறையிடம் 1040-என்ஆர் என்ற படிவத்தில் கணக்குக் காட்டினால், தொழில் செலவைக் கழித்துக்கொண்டு சாதாரண வரி விகிதத்தில் போடுவார்கள். ரசீதோடு 400 டாலர் செலவு காட்ட முடிந்தால் மிச்சம் 6,000 டாலர். அந்த அளவுக்கு விகிதம் 10 சதவீதம்தான்: 600 டாலர். ஆக 1,320 டாலர், நம் பணத்தில் 1,12,200 ரூபாய், திரும்ப வரும். படிவம் நிரப்பித் தரும் கணக்காளர் 300 டாலர் கேட்டாலும் கொடுக்கலாம்.

'அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளலாமே' என்று உங்களுக்குத் தோன்றலாம். இரட்டை வரி ஒப்பந்தம் இருப்பது உண்மை. ஆனால் அந்த வருமானத்துக்கு இந்தியாவில் எவ்வளவு வரி வருகிறதோ அதுவரைதான் கழிவு. உங்கள் உள்ளூர் வருமானத்தையும் அமெரிக்கச் சம்பளத்தையும் சேர்த்தாலும் 12 லட்சத்துக்குள் இருக்கிறீர்கள். புதிய வரி முறையில் வரியே வராது. வராத வரியில் எதைக் கழிப்பது? அதனால் பணம் வருவதாக இருந்தால் அமெரிக்காவிலிருந்துதான் வரவேண்டும். (இங்கே வரி வராவிட்டாலும் 5,44,000 ரூபாயையும் வருமானவரிக் கணக்கில் காட்டியே ஆக வேண்டும். கைக்கு வந்ததை மட்டும் காட்டினால் தப்பு.) ஒப்பந்தத்தில் கலைஞர்களுக்கென்று ஒரு விலக்கும் உண்டு. வருடத்துக்கு 1,500 டாலர்தான் அதன் வரம்பு. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள்.

பணம் திரும்ப வேண்டுமானால் இரண்டு தாள் வேண்டும். ஒன்று, எவ்வளவு வரி பிடித்தோம் என்று காட்டி வரி பிடித்தவர் தரும் 1042-எஸ் என்ற சான்று. அதை அவர்கள் அடுத்த வருடம் மார்ச் 15-க்குள் தர வேண்டும். என்னிடம் வந்த ஒரு வயலின் கலைஞர் பிளாஸ்டிக் கவர் ஒன்றை மேஜையில் கவிழ்த்தார். ஒன்பது ஊர்ச் செக்குகளின் துண்டுகள், பின்பக்கம் பென்சிலில் ராகம் எழுதிய ஒரு பெட்ரோல் ரசீது, ஒரு சங்கத்தின் நன்றிக் கடிதம். 1042-எஸ் ஒன்றுகூட இல்லை. பயணம் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மூன்று ஊர்களில் பொறுப்பாளர்களே மாறிவிட்டார்கள். நான்கு ஊர்களிலிருந்து வாங்க முடிந்தது, மற்றது போயே போய்விட்டது. திரும்பக் கேட்பதற்கான மூன்று வருடக் கெடு தாண்டியிருந்தால் அந்த நான்கு ஊர்ப் பணமும் கிடைத்திருக்காது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை, அது அவர் விரல் தேய வாசித்த காசு.

இரண்டாவது, உங்கள் பெயரில் அமெரிக்க வரி எண். பி-3 போன்ற கலைஞர் விசாவில் போகிறவர் அங்கே சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு நேரில் விண்ணப்பிக்கலாம்; அதுவே வரி எண்ணாகவும் இருக்கும். அட்டை தபாலில் வரும் என்பதால், அதிக நாள் தங்கும் முதல் ஊரிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். மே கடைசியில் ஓடிப் பயனில்லை.

விசாவைச் சொன்னதால் ஒன்று. விசிட்டர் விசாவில் போய்ப் பணம் வாங்கி வாசிக்கச் சொன்னால் அந்தப் பயணமே வேண்டாம்; மாட்டினால் அடுத்த பத்து வருட வாய்ப்பும் போகும். முறையான விசாவில் போகும்போதும், நடுவில் யாராவது "எங்கள் ஊரில் ஒரு கச்சேரி" என்று கூப்பிட்டால், உங்கள் விசாவுக்கு மனுப் போட்ட அமைப்பு வழியாகவே ஒப்புக்கொள்ளுங்கள்.

சரி, நகைக்கு வருகிறேன். ஒன்றரை லட்சம் தேவையில்லை. மிருதங்கம் அவசியம்தான்: 1 கட்டை சுருதிக்கும் 5 கட்டை சுருதிக்கும் ஒரே வாத்தியத்தை வைத்துக்கொண்டு 16 மேடை ஏற முடியாது, குளிர் ஊரிலிருந்து வறண்ட ஊருக்குப் போகும்போது வலந்தலைச் சாதம் (வலப்பக்கத் தோலின் நடுவே உள்ள கருப்புப் பூச்சு) வெடித்தால் அங்கே மூட்டு (தோல் முகம்) அடிக்க ஆள் கிடைப்பதும் கஷ்டம். போல்ட் வைத்த மிருதங்கமும், கூடுதலாக இரண்டு மூட்டும், விமானத்தில் போட உறுதியான பெட்டியும் வாங்குங்கள். அதற்கு மட்டும் கடன் சரி; அதுவும் வங்கியில் வையுங்கள், அடகுக் கடையில் வேண்டாம். வீட்டுச் செலவுக்கு நகை எதற்கு? நான்கு கச்சேரிப் பணத்தைப் புறப்படும் முன் முன்பணமாகக் கேளுங்கள். பக்கவாத்தியக்காரர் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

பணம் வாங்கும் விதத்தையும் இப்போதே பேசுங்கள். ஊருக்கு ஊர் டாலர் செக்காக வாங்கி வந்தால் இங்கே வங்கியில் மாற்ற வாரக்கணக்கில் ஆகும், கட்டணமும் உண்டு. மொத்தத்தையும் ஒருவரே உங்கள் இந்தியக் கணக்குக்கு அனுப்புவதுதான் நல்லது, 1042-எஸ்ஸும் ஒரே தாளாக வரும். நோட்டாகக் கொண்டுவந்தால் 5,000 டாலருக்கு மேல் விமான நிலையத்தில் சொல்லியாக வேண்டும்; ஊர் திரும்பியபின் 2,000 டாலருக்கு மேல் நோட்டாக வைத்திருக்கவும் முடியாது, மீதியை 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும்.

இந்த வாரமே பாடகரின் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். 400 டாலர் என்பது வரிக்கு முன்பா பின்பா, 1042-எஸ் தருவது யார், கச்சேரி ரத்தானால் என்ன தருவார்கள், மருத்துவக் காப்பீடு யார் செலவு: இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். 'வரிக்குப் பின்' என்று பதில் வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், கார் கணக்கை அப்போது புதிதாகப் போடலாம்.