ஒன்றரை ரூபாய் நாவல்

கேள்வி: அப்பாவின் பெட்டியில் ஒரு பழைய நாவல் கிடைத்தது. முதல் பக்கங்கள் இல்லை. முன்னுரையின் கீழே 'பார்த்திப வருஷம், தை' என்றும், பின்னட்டையில் 'இரண்டாம் பதிப்பு, விலை ரூ. 1-8-0' என்றும் இருக்கிறது. கதையில் டாக்கி பார்க்கப் போகிறார்கள். 1945இல் கொழும்பில் வெளிவந்தது என்று நினைக்கிறேன். சரியா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: விலையையும் எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி. 1-8-0 என்றால் ஒரு ரூபாய் எட்டு அணா. இலங்கையில் 1872இலிருந்தே ரூபாயும் சதமும்தான். இந்தியாவில் அணாக் கணக்கு 1957 ஏப்ரல் வரை இருந்தது. ஆகவே உங்கள் கையில் இருப்பது 1957க்கு முன் அச்சாகிக் கப்பலேறி வந்த இந்தியப் பதிப்பு.

பார்த்திப வருஷம் 1945 சித்திரையில் பிறந்தது. தை அதன் பத்தாம் மாதம். அப்படியானால் முன்னுரை எழுதியது 1946இன் தொடக்கத்தில். வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும்; ஆனால் அறுபது வருஷம் பின்னால் போய் 1886 என்று சொல்ல டாக்கி விடாது; தமிழ் பேசும்படமே 1931இல் காளிதாஸோடுதான் வந்தது. முன்னுரையில் 'இரண்டாம் பதிப்பு' என்ற பேச்சே இல்லையென்றால் அது முதற் பதிப்பின் முன்னுரை. முதற் பதிப்பு 1946 என்றே குறித்துவையுங்கள். தொடர்கதையாக முன்பே வந்திருக்கலாம், அதையும் பாருங்கள். கமலாம்பாள் சரித்திரம் நாவல் 1893இல் விவேக சிந்தாமணி இதழில் தொடங்கி 1896இல்தான் புத்தகமானது.

1886 என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. சித்திலெவ்வையின் அசன்பேயுடைய கதை 1885. திருகோணமலை இன்னாசித்தம்பியின் ஊசோன் பாலந்தை கதை 1891. அதே ஊர் சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி 1895, தமிழின் முதல் சரித்திர நாவல் என்று சொல்லத்தக்கது. தமிழ் நாவல் வரலாறு பேசுகிறவர்கள் இந்த இலங்கைக்காரர்களின் நாவல்களை விட்டுவிட்டு, முதல் தமிழ் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்திலிருந்து ஒரே தாவலில் கமலாம்பாளுக்குப் போய்விடுகிறார்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன்.

இன்னொரு கோபமும் உண்டு. எழுபது வருஷத்துக்கு முந்திய நாவலை எடுத்து அச்சடித்து, 'முதற் பதிப்பு 2019' என்று போடுகிறார்கள். தங்கள் பதிப்பகத்துக்கு அது முதலாவதாம்! பழைய ஆண்டைச் சொல்ல ஒரு வரி போதும். அந்த வரி இல்லாததால் செத்துப்போன எழுத்தாளர் பேரப்பிள்ளைகளின் காலத்து ஆளாகிறார். பைண்டிங் கடைகளும் இதற்குச் சளைத்தவை அல்ல. ஓரம் வெட்டும்போது கிழிந்த முதற் பக்கத்தையும் சேர்த்துக் குப்பையில் போடுகிறார்கள். உங்கள் புத்தகத்தை அங்கே கொடுத்துவிடாதீர்கள். பின்னட்டையை இன்றைக்கே படம் எடுத்துவையுங்கள்.