ஹெட் இறக்கி மாட்டிய பிறகு மேலே டக்டக் சத்தம், ஆனால் ஆயில் லைட் எரியவில்லை. ஆயில் பம்ப்பை மாற்ற வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பெட்ரோல் கார். ஓவர்ஹீட் ஆகி, எஞ்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கி, அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டை மாற்றினீர்கள். அதிலிருந்து எஞ்ஜின் சூடானதும் மேலே டேப்பெட் (வால்வை அழுத்தித் திறக்கும் பாகம்) சத்தம். டிப்ஸ்டிக்கில் அளவு சரி, லைட்டும் எரியவில்லை. மெக்கானிக் ஆயில் பம்ப்பை மாற்றச் சொல்கிறார்.

பம்ப்புக்குக் காசு கொடுப்பதற்கு முன் பிரஷர் கேஜ் மாட்டச் சொல்லுங்கள், அதுவும் இரண்டு இடத்தில். பம்ப் போயிருந்தால் எஞ்ஜின் முழுக்கப் பிரஷர் குறையும். மேலே மட்டும் குறைந்தால், கோளாறு ஹெட்டுக்கு ஏறும் வழியிலோ ஹெட்டுக்குள்ளோதான் இருக்கும். நீங்கள் இப்போதுதான் ஹெட்டை இறக்கி ஏற்றியிருக்கிறீர்கள் என்பதால் எனக்குச் சந்தேகம் அங்கேதான்.

ஆயில் போகும் வழி இது: அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பிலிருந்து ஸ்ட்ரெய்னர் (சல்லடை) வழியாகப் பம்ப், அப்புறம் ஃபில்டர், அப்புறம் பிளாக்கில் உள்ள மெயின் கேலரி என்ற பெரிய ஆயில் வழி. அங்கிருந்து கிராங்க் பேரிங்குகளுக்குக் கிளைகள் பிரியும். ஹெட்டுக்குப் போவது பெரும்பாலும் ஒரே ஒரு துளை. அது கேஸ்கட்டைத் தாண்டி ஏறி, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கும் டேப்பெட்டுக்கும் போகிறது. ஆயில் எல்லாம் மேலே போய்க் கீழே பேரிங் காய்ந்துவிடக் கூடாது என்று பல எஞ்ஜின்களில் அந்த வழியில் சின்னத் துளை கொண்ட ஜெட் ஒன்றை வைத்து வேண்டுமென்றே குறுக்கியிருப்பார்கள். லைட்டுக்கான ஸ்விட்ச்சோ பெரும்பாலான கார்களில் பிளாக் பக்கம் இருக்கிறது. பிரஷர் சுமார் 0.3 முதல் 0.5 பாருக்குக் (பார் என்பது பிரஷரை அளக்கும் அலகு) கீழே விழுந்தால்தான் அது விளக்கைப் போடும். ஜெட்டுக்கு அந்தப் பக்கம் நடக்கும் எதுவும் அதற்குத் தெரியாது. 1980களின் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபில் ஹெட்டில் 0.3 பாருக்கு ஒன்று, ஃபில்டர் அடியில் 1.8 பாருக்கு ஒன்று என்று இரண்டு ஸ்விட்ச் வைத்திருந்தார்கள். எல்லாக் கம்பெனியும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை.

ஒன்றை முதலில் கேட்டுவிடுங்கள்: உங்கள் டேப்பெட் ஆயில் பிரஷரால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக்கா, கையால் கேப் (இடைவெளி) வைக்கிற வகையா? கேப் வைக்கிற வகை என்றால், வால்வ் கிரைண்டிங் செய்த பிறகு கேப் சரியாக வைக்காததே சத்தத்துக்குக் காரணமாக இருக்கலாம். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜில் பார்த்தால் தெரிந்துவிடும், ஆயில் பக்கமே போக வேண்டியதில்லை.

ஹைட்ராலிக் என்றால் தொடர்ந்து படியுங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும் வரை எஞ்ஜினைச் சூடாக்கி, அணைத்து, ஆயில் ஸ்விட்ச்சைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் மாட்ட வேண்டும். பொதுவாக ஐடிலில் 1 பார் பக்கமும், 3000 ஆர்பிஎம்மில் 3 பாரும் அதற்கு மேலும் வந்தால் கீழே நலம். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் எண்தான் இறுதி. அடுத்து ஹெட்டில் பாருங்கள். கேலரியின் முனையை அடைத்திருக்கும் திருகு பிளக்கைக் கழற்றினால் கேஜ் மாட்ட இடம் கிடைக்கும். மரை பொருந்தவில்லை என்றால் லேத்தில் ஓர் அடாப்டர் கடைந்து வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு இடத்திலும் குறைவு என்றால் ஸ்ட்ரெய்னர் அடைப்பு, ரிலீஃப் வால்வ் (அதிகப் பிரஷரை வெளியே விடும் வால்வ்), பம்ப், பேரிங் தேய்மானம் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஐடிலில் மட்டும் விழுந்து, ரேஸ் கொடுத்தால் ஏறினால் பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். முள் நடுங்கினால் உறிஞ்சும் குழாயின் ஓ-ரிங் வழியாகக் காற்று புகுகிறதா என்று பாருங்கள். இதற்கெல்லாம் ஹெட்டைத் தொட வேண்டாம்.

கீழே சரியாக இருந்து மேலே மட்டும் குறைந்தால்தான் ஹெட் விஷயம். ஒர்க்‌ஷாப்களில் நான் அதிகம் பார்ப்பது சிலிகான் பேஸ்ட். வால்வ் கவருக்கும் சம்ப்புக்கும் தோசைக்கு எண்ணெய் விடுகிற மாதிரி தாராளமாகப் போடுகிறார்கள். பிதுங்கி உள்ளே விழுந்த துண்டு ஜெட்டின் வாயை அடைத்தால் அதற்கு மேல் ஆயில் ஏறாது. அடுத்தது கேஸ்கட். ஒரே எஞ்ஜினில் வெவ்வேறு வருடத்துக்கு வெவ்வேறு கேஸ்கட் உண்டு, ஆயில் துளை பாதி மறைந்தாலும் போதும். ஹோண்டா எஞ்ஜின்கள் பலவற்றில் அந்த ஜெட் தனியாகக் கையில் வரும் துண்டு, ஓ-ரிங்கோடு. புது ஓ-ரிங் போடாமல் மாட்டினால் ஆயில் அங்கேயே கசிந்து வீணாகும்.

மூன்றாவது, பலர் கவனிக்காதது. ஓவர்ஹீட் ஆன அலுமினிய ஹெட் வளைந்தால் அடிப்பக்கத்தை மட்டும் ஃபேசிங் செய்து (சீவிச் சமமாக்கி) அனுப்புவார்கள். அடி சமமாகிவிடும், மேலே கேம் ஷாஃப்ட் உட்காரும் வரிசை வளைந்தபடியே இருக்கும். பெரும்பாலான ஹெட்களில் கேமுக்குத் தனி பேரிங் ஷெல் கிடையாது, அலுமினியத்திலேயே நேராகச் சுற்றுகிறது. வளைந்த வரிசையில் சுற்றினால் இடைவெளி தேய்ந்து பெரிதாகி, ஜெட் வழியாக வரும் கொஞ்ச ஆயிலும் அங்கேயே வழிந்துவிடும். கேம் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், அதை மேலிருந்து பிடிக்கும் மூடிகளைக் கழற்றி, பிளாஸ்டிகேஜ் (நசுங்கி இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து இடைவெளியை அளந்து பாருங்கள். அந்த மூடிகளின் எண் வரிசை மாறியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அடைப்பு என்றால் ஹெட் மறுபடி இறங்கத்தான் வேண்டும்: பிளக்குகளைக் கழற்றி, பிரஷ் விட்டு, காற்று அடித்து, சரியான கேஸ்கட் போட வேண்டும். கேம் இருக்கை தேய்ந்திருந்தால் லைன் போரிங் (இருக்கைகளை ஒரே நேர்கோட்டில் மறுபடி கடைவது), அது முடியாதென்றால் வேறு ஹெட். மாட்டிய பிறகு ஃபியூல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, வால்வ் கவர் திறந்தபடியே செல்ஃப் அடித்து, கேம் மேல் ஆயில் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

மண்ணெண்ணெய் ஊற்றிச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். உதிரும் கசடு நேராக ஸ்ட்ரெய்னரைத்தான் அடைக்கும். 5W-30 போட வேண்டிய எஞ்ஜினில் அதைவிடக் கெட்டியான 20W-50 ஆயிலை ஊற்றினால் சத்தம் கொஞ்சம் அடங்கலாம், அடைப்பு அப்படியே இருக்கும். கேஜ் மாட்டும் வரை காரை ஓட்டாதீர்கள், ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டி இழுத்தே கொண்டுபோங்கள்.