வேலை போச்சு, கடன் கழுத்தை நெரிக்குது, யார்கிட்டயும் சொல்லவும் முடியல. எப்படி நம்பிக்கையோட இருக்கறது?

பாசிட்டிவ்வா இருங்கன்னு சொல்ல எனக்கு வராதுங்க. கடன்காரன் வாசல்ல நிக்கும்போது பாசிட்டிவ்வாவது ஒண்ணாவது. நான் மூணாறு டீ எஸ்டேட்ல லயத்துல, அதாவது தொழிலாளிங்க இருக்கற வரிசை வீட்டுல வளந்தவன், அம்மா கொழுந்து எடுத்தவங்க, அங்க பாத்தத சொல்றேன்.

2015 செப்டம்பர்ல கம்பெனி போனஸை 20 சதவீதத்துலருந்து 10ஆ கொறைச்சப்ப ஆயிரக்கணக்குல பொம்பளைங்க மூணாறு டவுன்ல ரோட்டுல உக்காந்தாங்களே, பெம்பிளை ஒருமை, அதாவது பொம்பளைங்க ஒத்துமைன்னு பேப்பர்ல எல்லாம் வந்துச்சே, அதுல அம்மாவும் போனாங்க, தலையில ஒரு துண்டு, கையில சோத்து டப்பா. யூனியன் தலைவருங்கள கிட்டயே சேக்கல. அந்த போனஸ நம்பித்தான் பலசரக்குக் கடை பாக்கி, என் காலேஜ் ஃபீஸ் எல்லாமே இருந்துச்சு, ஆனா வீட்டுல எங்ககிட்ட கூட வாயத் தொறந்ததில்ல. ரோட்டுல பக்கத்துல இருந்த அக்கா பேச்சுவாக்குல செயினை அடகு வச்சத சொல்லவும்தான் அம்மாவும் சொல்லியிருக்காங்க, அப்புறம் பாத்தா அந்த வரிசை பூரா அதே கதை, பாதிப்பேருக்கு ஒரே கடை, ஒரே பாக்கி நோட்டு. ராத்திரி வந்து சிரிச்சுகிட்டே சொன்னாங்க, "நான் மட்டும்தான் முங்கிட்டேன்னு நெனச்சேன்டா". கடன்ல ஒரு ரூபா கொறையல, ஆனா அன்னைக்கு நல்லா தூங்குனாங்க.

ஒம்பது நாள்ல 20 சதவீதம் கெடச்சுது. ஆனா தினக்கூலி 500 ரூபா கேட்டதுக்கு பின்னாடி 301தான் வந்துச்சு, அமைப்பும் பிரிஞ்சுபோச்சு, அதனால எல்லாம் ஜெயிச்சோம்னு கதை விடமாட்டேன்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கத்துல பெட்டிமுடி எஸ்டேட் லயத்து மேல மண்ணு சரிஞ்சு 70 பேர் போனாங்க, கரண்டு போன் எதுவும் இல்லாம சேதி வெளிய தெரியவே விடிஞ்சுபோச்சு. அதுக்கெல்லாம் ஆறுதல் சொல்ல யார்கிட்ட வார்த்தை இருக்கு. எங்க லயத்துல சாவு வீட்டுல அடுப்பு பத்தவைக்க மாட்டாங்க, பக்கத்து வீடுங்கள்லருந்து கட்டன் சாயாவும் சோறும் வரும், வந்தவங்க ஒண்ணும் பேசாம சும்மா உக்காந்திருப்பாங்க, அவ்ளோதான்.

அதனால நம்பிக்கைய அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல கடன் மொத்தம் எவ்வளவுன்னு ஒரே ஒரு ஆள்கிட்டயாவது சொல்லுங்க, பாதிய மறைக்காம. பணம் இருக்கற ஆளா தேடாதீங்க, கடன் கேட்டுருவீங்களோன்னு நழுவிருவாங்க. உங்கள மாதிரியே மாட்டுன ஆளா பாருங்க, எந்தக் கடைக்காரர் ஒரு மாசம் பொறுப்பார், எந்த லோன் ஆப் பக்கம் தலைவச்சே படுக்கக்கூடாதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.